வெனிஃபிஸ்: நஞ்சுக்கும் சூனியத்துக்கும் ஒரே சொல்

“அவனுக்கு யாரோ மருந்து வெச்சுட்டாங்கடா.”

என் அப்பத்தா ஒருவரைப் பற்றி இப்படிச் சொன்னால், அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார் என்று அர்த்தமில்லை. நேற்றுவரை அம்மா கிழித்த கோட்டைத் தாண்டாத பிள்ளை, கல்யாணமான ஆறே மாதத்தில் மாமியார் வீட்டுப் பக்கம் சாய்ந்துவிட்டான் என்று அர்த்தம். சோற்றிலோ காபியிலோ எதையோ கலந்து கொடுத்திருக்கிறார்கள். கலந்தது வேரா, பொடியா, மந்திரித்த சாம்பலா என்று கேட்டால் முறைப்பார். அவருக்கு அது ஒரு கேள்வியே இல்லை. மருந்து என்றால் மருந்துதான்.

ஆங்கிலத்தில் இதற்குக் கிட்டத்தட்ட ஒத்துவருகிற ஒரு சொல் இருந்தது: வெனிஃபிஸ். இன்றைக்கு எந்த ஆங்கிலேயரிடம் சொன்னாலும் விழிப்பார். பெரிய அகராதிகளில் ‘வழக்கொழிந்தது’ என்ற குறிப்போடு கிடக்கிறது. நஞ்சு கொடுத்துக் கெடுப்பது, மந்திர மருந்து கொடுத்து மயக்குவது, சூனியம் வைப்பது ஆகிய எல்லாவற்றையும் அந்த ஒரே சொல் சுமந்தது.

செத்த சொல்லைப் பற்றி இப்போது எதற்கு? வாட்ஸ்அப்பில் அதன் சொந்தக்காரர்கள் உயிரோடு உலவுகிறார்கள் என்பதற்காக. “ஃபார்மசி என்ற சொல்லுக்கே கிரேக்கத்தில் சூனியம் என்றுதான் பொருள், ஆகவே மாத்திரை சாப்பிடாதீர்கள்” என்று ஒரு செய்தி வரும். “பைபிளில் சூனியக்காரி என்று இருப்பது தப்பான மொழிபெயர்ப்பு, மூலத்தில் இருப்பது நஞ்சு வைப்பவள்தான்” என்று இன்னொன்று வரும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் போனாலும், செய்கிற தவறு ஒன்றுதான். ஒட்டிப் பிறந்த இரட்டையரில் ஒருவரை மட்டும் காட்டி, “இவர்தான் நிஜம், மற்றவர் பொய்” என்கிறார்கள்.

மருந்து என்றால் எந்த மருந்து?

நம் சொல்லிலிருந்தே ஆரம்பிக்கலாம். காய்ச்சலுக்குச் சாப்பிடுவது மருந்து. எலியைக் கொல்ல வைப்பதும் எலி மருந்து. துப்பாக்கியில் போடுவது வெடிமருந்து. “அப்பா மருந்தடிக்கப் போயிருக்காரு” என்று ஒரு பையன் சொன்னால், முதுகில் ஸ்ப்ரேயரோடு வயலில் நிற்கிறார் என்று புரிந்துகொள்கிறோம். “மருந்தைக் குடிச்சுட்டாரு” என்று யாராவது பதறி ஓடிவந்தால், அது கஷாயம் இல்லை என்பது ஊருக்கே தெரியும். கடைசியாக, அப்பத்தா சொல்கிற மருந்து. இதற்கு இடுமருந்து என்று தனிப்பெயரே உண்டு. அடுத்தவர் வயிற்றுக்குள் அவருக்குத் தெரியாமல் இடப்படுவதால் இடுமருந்து. “இடுமருந்து எடுக்கப்படும்” என்ற போர்டை இன்றும் பார்க்கலாம்.

இத்தனையும் ஒரே சொல்லா என்று நாம் ஒருநாளும் திகைத்ததில்லை. நமக்கு அந்தச் சொல்லின் நடுவில் இருப்பது ‘குணப்படுத்துவது’ என்ற பொருள் அல்ல. சிறிதளவே போட்டாலும் பெரிய மாற்றத்தை உண்டாக்கும் பொருள் எதுவோ அது மருந்து. மாற்றம் நல்லதா கெட்டதா என்பதைச் சூழல் சொல்லிவிடும்.

ரோமர்களின் வெனேனம்

வெனிஃபிஸ் லத்தீன் மொழியிலிருந்து வந்தது. மூலச்சொல் வெனேஃபிக்கியம். முன்பாதி வெனேனம், பின்பாதி ‘செய்’ என்று பொருள்படும் வினை. ஆக, வெனேனம் செய்வது வெனேஃபிக்கியம். செய்கிற ஆண் வெனேஃபிகுஸ், பெண் வெனேஃபிகா.

வெனேனம் என்றால் நஞ்சு என்று எல்லா அகராதியும் சொல்லும். ஆங்கிலத்தில் பாம்பு விஷத்தைக் குறிக்கும் வெனம் என்ற சொல்லும் இதன் வழியில் வந்ததுதான். ஆனால் வெனேனத்தின் மிகப் பழைய பொருள் நஞ்சாக இருந்திருக்காது என்பது சொல்லாய்வாளர் பலரின் முடிவு. காதல் தெய்வம் வீனஸின் பெயரும் இந்தச் சொல்லும் ‘ஆசைப்படு’ என்ற ஒரே வேரிலிருந்து வந்தவை என்கிறார்கள். அப்படியானால் வெனேனம் முதலில் வசிய மருந்து. சமஸ்கிருதத்தில் அதே வேரின் வழியில் பிறந்த பெயர் நம் தெருவிலேயே இருக்கும்: வனிதா, விரும்பப்படுபவள். (சொல் உறவுகளைத் தோண்ட ஆரம்பித்தால் நிறுத்துவது சிரமம். நாம் சொல்லும் விஷமும், லத்தீனில் நஞ்சைக் குறித்த வைரஸ் என்ற சொல்லும் பங்காளிகள். ஜலதோஷக் கிருமிக்கு அந்தப் பெயர் வெகு பிற்காலத்தில்தான் போனது.)

வெனேனம் இப்படி இரண்டு பக்கமும் கூர்மையான சொல்லாக இருந்ததால் ரோமானிய வழக்கறிஞர்களுக்குத் தலைவலி. கி.பி. 2ஆம் நூற்றாண்டின் சட்ட அறிஞர் காயுஸ் ஒரு விதி சொன்னார்: வெனேனம் என்று சொல்பவர், அது நல்லதா கெட்டதா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மருந்துகளும் வெனேனம்தான். நம் வீட்டில் ஒருவர் “மருந்து வாங்கணும்” என்றதும், “வயலுக்கா, அம்மாவுக்கா?” என்று கேட்கிறோமே, அதே விதிதான்.

கிரேக்கத்தில் இந்த இடத்தில் நிற்கும் சொல் ஃபார்மகோன். அதுவும் மருந்து, நஞ்சு, மந்திரப் பொருள் மூன்றும்தான்.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: வெனேனம் என்பது மாற்றத்தை உண்டாக்கும் பொருள். வெனேஃபிக்கியம் என்பது அதை வைத்துக் கெடுதல் செய்வது. ஆனால் இந்த விளக்கத்தோடு நின்றுவிட்டால் அடுத்து வரும் கதை புரியாது.

க்ரெசிமுஸின் மண்வெட்டி

அந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்தது. முதலாம் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். காயுஸ் ஃபூரியுஸ் க்ரெசிமுஸ் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். சின்ன நிலம்தான். ஆனால் சுற்றியிருந்த பெரிய பண்ணைக்காரர்களைவிட அதிகம் விளைவித்தார். சும்மா விடுவார்களா? அடுத்தவன் வயலில் விளைய வேண்டியதைத் தன் வயலுக்கு இழுத்துக்கொள்கிறான் என்று பேச்சு கிளம்பியது. வழக்கும் வந்தது.

குற்றச்சாட்டின் பெயர் வெனேஃபிக்கியம்.

விசாரணை நாளில் க்ரெசிமுஸ் தன் கருவிகள் அனைத்தையும் ரோம் நகரத்து மன்றத்துக்குக் கொண்டுவந்தார். நன்றாக அடித்துச் செய்த இரும்புக் கருவிகள், கனமான மண்வெட்டிகள், எடைகூடிய கொழுமுனைகள், வயிறு நிறைய தின்ற மாடுகள், நன்றாகப் பராமரிக்கப்பட்ட வேலையாட்கள். “ரோமானியர்களே, என் வெனேஃபிக்கியங்கள் இவைதான்” என்றார். “விடிய விடிய உழைத்ததையும் சிந்திய வியர்வையையும் இங்கே கொண்டுவந்து காட்ட முடியவில்லை.” ஒருமனதாக விடுதலை.

இந்தக் கதையில் நஞ்சு எங்கே இருக்கிறது? யாரும் எதையும் குடிக்கவில்லை, யாரும் சாகவும் இல்லை. பயிர் விளைச்சல்தான் தகராறு. அப்படியும் வழக்கின் பெயர் வெனேஃபிக்கியம். ஆகவே ‘நஞ்சு வைத்தல்’ என்று மட்டும் இந்தச் சொல்லை மொழிபெயர்த்தால் க்ரெசிமுஸ் மேல் போட்ட வழக்கு அர்த்தமற்றுப் போகும். ‘சூனியம்’ என்று மட்டும் மொழிபெயர்த்தால், விருந்தில் நஞ்சு கலந்து கொடுத்ததற்காக இதே பெயரில் தண்டிக்கப்பட்டவர்கள் விடுபட்டுப்போவார்கள்.

சுவருக்குள் ஈயத்தகடு

இரண்டும் ஒரே வழக்கில் சேர்ந்து வந்ததும் உண்டு. கி.பி. 19இல், ரோமானியர்கள் கொண்டாடிய தளபதி ஜெர்மானிகுஸ் சிரியாவின் அந்தியோகியா நகரில் 33 வயதில் நோய்ப்பட்டு இறந்தார். ஆளுநர் பிசோவோடு அவருக்குப் பகை. நஞ்சு வைத்தது பிசோதான் என்று ஜெர்மானிகுஸே நம்பினார். வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் சொல்வதைப் பாருங்கள்: தங்கியிருந்த வீட்டின் தரையையும் சுவரையும் தோண்டியபோது மனித உடலின் மிச்சங்கள், மந்திரங்கள், பாதி எரிந்த சாம்பல், ஜெர்மானிகுஸின் பெயர் பொறித்த ஈயத்தகடுகள் கிடைத்தனவாம். தகட்டில் பெயர் எழுதிப் புதைப்பது நமக்குப் புதிதில்லை. நம் ஊரில் செப்புத்தகடு என்பார்கள், அங்கே ஈயம். இங்கிலாந்தின் பாத் நகரில் ரோமானியர் காலத்து ஊற்றுக்குளத்திலிருந்து மட்டும் 130 போல இப்படிப்பட்ட சாபத்தகடுகள் எடுத்திருக்கிறார்கள். பெரும்பாலானவை துணிமணி, பணம் திருடியவனைத் தண்டிக்கச் சொல்லி வைத்தவை.

அதே ஜெர்மானிகுஸ் வழக்கில் மார்ட்டினா என்ற பெண்ணும் வருகிறாள். நஞ்சு வைப்பதில் பெயர்போனவள், பிசோவின் மனைவிக்கு வேண்டியவள். ரோமுக்கு அனுப்பிவைத்த வழியில் புருந்திசியும் துறைமுகத்தில் திடீரென்று செத்துப்போனாள். அவள் கூந்தல் முடிச்சுக்குள் நஞ்சு இருந்தது என்கிறார் டாசிட்டஸ்.

அடுத்த ஆண்டு செனட் சபை விசாரித்தபோது பிசோவால் ஓரளவு தகர்க்க முடிந்த ஒரே குற்றச்சாட்டு நஞ்சுதான். தீர்ப்பு வருமுன் அவர் கழுத்தறுபட்டுக் கிடந்தார். ஜெர்மானிகுஸ் எதனால் செத்தார் என்பது நமக்கு முக்கியமில்லை. தகடும் நஞ்சும் இரண்டு தனித்தனிக் குற்றங்கள், தனித்தனியாக நிரூபிக்க வேண்டியவை என்று அங்கே யாரும் எண்ணவில்லை என்பதுதான் முக்கியம். தகடு கிடைத்தது, நஞ்சு வைத்தான் என்ற சந்தேகத்துக்கு வலு சேர்த்தது.

ஏன் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன?

“அந்தக் காலத்து ஆட்களுக்கு அறிவியல் தெரியாது, குழப்பிக்கொண்டார்கள்” என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அது சோம்பேறித்தனமான பதிலாகப் படுகிறது. அவர்கள் வேறு ஒரு கோடு போட்டு உலகத்தைப் பிரித்தார்கள். நாம் ‘வேதிப்பொருள்’ ஒரு பக்கம், ‘மந்திரம்’ மறுபக்கம் என்று பிரிக்கிறோம். அவர்கள் ‘கண்ணுக்குத் தெரிந்து வரும் தாக்குதல்’ ஒரு பக்கம், ‘தெரியாமல் வரும் தாக்குதல்’ மறுபக்கம் என்று பிரித்தார்கள்.

கி.மு. 81இல் ரோமை ஆண்ட சுல்லா கொண்டுவந்த சட்டத்தின் பெயரே இதைச் சொல்லிவிடும். ‘கத்திக்காரர்கள், வெனேஃபிகுஸ்கள் பற்றிய கொர்னேலியச் சட்டம்’ என்பது அதன் பெயர். கத்தியோடு வருபவன் ஒரு வகை. அவனைப் பார்த்தால் ஓடலாம், தடுக்கலாம், சாட்சி சொல்லலாம். மற்றவனைப் பார்க்க முடியாது. அவன் கொல்லும்போது பக்கத்தில் இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. காயம் இருக்காது. காலையில் கொடுத்தது இரவில் வேலை செய்யும். கூடவே இன்னொன்று: அவனோ அவளோ பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே, சமையலறையிலேயே இருப்பவர். வேர், பொடி, தகடு, மந்திரம் எல்லாம் அந்த இருட்டுப் பக்கத்தில் கிடந்த ஆயுதங்கள். கத்தியா வேல்கம்பா என்று முதல் ஆளைப் பற்றி யாரும் தனிச்சட்டம் போடாத மாதிரி, பொடியா மந்திரமா என்று இரண்டாம் ஆளைப் பற்றியும் பிரிக்கத் தேவை வரவில்லை.

இந்த அச்சம் எவ்வளவு பழையது என்பதற்கு ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதிய ஒரு சம்பவம் உண்டு. கி.மு. 331இல் ரோம் நகரத்தின் முக்கியப் புள்ளிகள் ஒரே மாதிரி நோய்கண்டு வரிசையாகச் செத்தார்கள். ஒரு அடிமைப் பெண் அதிகாரியிடம் போய், பெரிய வீட்டுப் பெண்கள் நஞ்சு காய்ச்சுகிறார்கள் என்றாள். சோதனை போட்டபோது சிலர் அடுப்பில் ஏதோ கொதிக்கவைத்துக்கொண்டிருந்தார்கள். கொர்னேலியா, செர்கியா என்ற இருவர், “இது உடம்புக்கு நல்ல மருந்து” என்றார்கள். அப்படியானால் குடியுங்கள் என்றாள் அந்த அடிமைப் பெண். தங்களுக்குள் கலந்து பேசிக்கொண்டு குடித்தார்கள், எல்லோரும் செத்தார்கள். கடைசியில் 170 பெண்கள் தண்டிக்கப்பட்டார்கள்.

இது உண்மையில் கொள்ளைநோயாக இருந்திருக்கலாம் என்று லிவியே தயங்குகிறார். ஆனால் ரோம் எடுத்த நடவடிக்கைதான் வேடிக்கை. பெண்களைத் தண்டித்ததோடு நிற்கவில்லை. இது புத்தி பேதலித்ததால் நடந்த தீக்குறி என்று கருதி, ஒரு சர்வாதிகாரியை (அவசர வேலைக்கென்று தற்காலிகமாக அமர்த்தும் அதிகாரி) நியமித்து, சடங்காக ஓர் ஆணி அடிக்கவைத்தார்கள். சர்வாதிகாரி பதவியேற்று, ஆணி அடித்து, பதவி விலகினார். நஞ்சுக்குப் பரிகாரம் ஆணி!

உடம்புக்குள் நடப்பதும் இந்தக் குழப்பத்துக்கு எண்ணெய் ஊற்றியது. நம் வேலியோரத்து ஊமத்தை, ஐரோப்பாவின் பெல்லடோனா போன்ற செடிகளில் அட்ரோபினும் அதன் நெருங்கிய உறவினர்களும் இருக்கின்றன. இவை ஆல்கலாய்டுகள், அதாவது செடிகள் தங்களுக்குள் உண்டாக்கிக்கொள்ளும், கொஞ்சம் உள்ளே போனாலே உடலை ஆட்டிவைக்கும் நைட்ரஜன் சேர்ந்த வேதிப்பொருள்கள். நரம்புகள் சுரப்பிகளுக்கும் தசைகளுக்கும் செய்தி அனுப்ப ஒரு வேதித்தூதனை வைத்திருக்கின்றன. அட்ரோபின் போய் அந்தத் தூதன் இறங்கும் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். எச்சில் வறண்டுவிடும். கண்மணி விரியும். இதயம் படபடக்கும். அளவு கூடினால் ஆள் பிதற்றுவார், இல்லாத மனிதர்களோடு பேசுவார், காற்றைப் பிடித்து இழுப்பார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது விஷமா, பேய் பிடித்ததா? செடியைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் இரண்டாவதைத்தான் சொல்வார். தெரிந்தவரும் இரண்டையும் சேர்த்தே சொல்லியிருப்பார்.

அதே அட்ரோபின்தான், பூச்சிமருந்தில் ஒருவகையான ஆர்கனோபாஸ்பேட் உள்ளே போன நோயாளிக்கு ஆஸ்பத்திரியில் முதலில் ஊசியாக ஏற்றப்படுவது. ஒரு மருந்தை முறிக்க இன்னொரு மருந்து. காயுஸ் இருந்தால் சிரித்திருப்பார். அளவுதான் நஞ்சைத் தீர்மானிக்கிறது என்று சுவிஸ் மருத்துவர் பாராசெல்சஸ் 1538இல் எழுதியதும் இதைத்தான்.

ஆக, வெனேஃபிக்கியம் என்ற குற்றத்தின் உயிர்நாடி நஞ்சும் அல்ல, மந்திரமும் அல்ல, மறைவு.

பைபிளில் இருப்பது யார்?

இப்போது வாட்ஸ்அப்புக்கு வரலாம். யாத்திராகமம் 22:18, தமிழ் பைபிளில் “சூனியக்காரியை உயிரோடே வைக்கவேண்டாம்.” எபிரேய மூலத்தில் மெகஷ்ஷேஃபா என்ற பெண்பாற்சொல். கிறிஸ்துவுக்கு முன்பே அதைக் கிரேக்கத்தில் பெயர்த்த யூத அறிஞர்கள் ஃபார்மகோஸ் என்ற சொல்லைப் போட்டார்கள். ஃபார்மகோனைக் கையாள்பவர் என்று பொருள், கிட்டத்தட்ட லத்தீனின் வெனேஃபிகுஸ். பிறகு லத்தீன் பைபிள் ‘தீங்கு செய்பவர்’ என்று பொதுவாகச் சொன்னது. ஆங்கிலத்தில் அது சூனியக்காரி ஆயிற்று.

அந்த ஒரு வசனத்தைக் காட்டி ஐரோப்பாவில் தூக்கிலிட்டார்கள், எரித்தார்கள். அதனால் அதன் பொருள் வெறும் அகராதிச் சண்டையாக இருக்கவில்லை. 1563இல் யோகான் வையர் என்ற மருத்துவரும், 1584இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியைச் சேர்ந்த ரெஜினால்ட் ஸ்காட்டும் ஒரு வாதத்தைக் கையிலெடுத்தார்கள்: மோசேயின் சட்டம் தண்டிக்கச் சொன்னது வெனேஃபிகாக்களை, அதாவது நஞ்சு வைப்பவர்களை. பக்கத்து வீட்டு ஏழைக் கிழவியை அல்ல. இரண்டு பேருக்கும் தைரியம் அதிகம். ஸ்காட்லாந்து மன்னர் ஜேம்ஸ், 1597இல் தான் எழுதிய பேயியல் நூலின் முன்னுரையிலேயே இருவரையும் பெயர் சொல்லித் தாக்கினார்.

இங்கிருந்துதான் இன்றைய வதந்தி கிளம்புகிறது: ‘நஞ்சு வைப்பவள் என்றிருந்ததை ஜேம்ஸ் மன்னர்தான் 1611 பைபிளில் சூனியக்காரி என்று மாற்றினார்.’ இது தவறு. 1530இல் வில்லியம் டிண்டேல் அச்சிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பிலேயே அந்தச் சொல் சூனியக்காரிதான். அப்போது ஜேம்ஸ் பிறக்கவே இல்லை.

வையரும் ஸ்காட்டும் நல்ல நோக்கத்துக்காக வாதாடினார்கள், உயிர்களைக் காப்பாற்றப் பார்த்தார்கள். அந்த வகையில் என் மரியாதை முழுவதும் அவர்களுக்கே. ஆனால் சொல்லின் வரலாறு அவர்கள் பக்கம் முழுதாக இல்லை. பழைய ஃபார்மகோஸ் நஞ்சு மட்டும் வைப்பவர் என்று அவர்கள் வெட்டிய கோடு, அந்தச் சொல் புழங்கிய காலத்தில் கிடையாது. க்ரெசிமுஸை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஃபார்மசி வதந்திக்கும் இதே பதில். கலாத்தியர் 5:20இல் தமிழ் பைபிள் ‘பில்லிசூனியம்’ என்று சொல்லும் இடத்தில் கிரேக்கச் சொல் ஃபார்மகேயா. ஃபார்மசி அதிலிருந்து வந்தது உண்மைதான். ஆனால் அதே கிரேக்கத்தில் அந்தச் சொல் வைத்தியர் கொடுக்கும் மருந்தையும் குறித்தது. “மருந்தடிச்சான்” என்ற பேச்சைக் காட்டி, ‘பாருங்கள், தமிழில் மருந்து என்றாலே பூச்சிக்கொல்லிதான், ஆகவே பாரசிட்டமால் ஆபத்து’ என்று ஒருவர் வாதிட்டால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இது. ஒரு சொல் எந்த வீட்டில் பிறந்தது என்பதை வைத்து, இன்று அது குறிக்கும் பொருளின் நல்லது கெட்டதைத் தீர்மானிக்க முடியாது.

முட்டை ஓட்டை உடைப்பது ஏன்?

ஆங்கிலத்துக்குள் இந்தச் சொற்குடும்பம் லத்தீன் படித்தவர்கள் கைவழியாக வந்தது. சந்தையில் புழங்கிய பேச்சாக இது ஒருபோதும் ஆகவில்லை. வெனிஃபிஸ் பெயர்ச்சொல், வெனிஃபிஷியல் அதன் பெயரடை. இவற்றை ரசித்துப் பயன்படுத்தியவர் நாரிச் நகரத்து மருத்துவர் தாமஸ் பிரவுன். 1646இல் முதற்பதிப்பு கண்ட அவருடைய நூல், மக்களிடம் உலவும் தவறான நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்கிறது.

அதில் ஓர் இடம். அவித்த முட்டையைத் தின்று முடித்ததும் ஓட்டை உடைத்துவிட வேண்டும் என்று ஆங்கிலக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்களாம். ஏன்? சூனியக்காரிகள் அந்த ஓட்டில் தின்றவரின் பெயரை எழுதியோ குத்தியோ ‘வெனிஃபிஷியஸ்’ முறையில் கெடுதல் செய்வார்கள் என்ற பயம். இது பிளினி காலத்திலிருந்தே வரும் மூடநம்பிக்கையின் மிச்சம் என்கிறார் பிரவுன். வெட்டிய நகத்தையும் உதிர்ந்த முடியையும் கண்ட இடத்தில் போடாதே என்று நம் வீட்டில் சொல்வார்களே, அதன் அண்ணன் முறை. முட்டை ஓட்டில் ஊசியால் குத்துவதில் நஞ்சு ஒரு துளியும் இல்லை. ஆனாலும் சொல் நஞ்சின் பெயரிலிருந்து வந்ததுதான்.

இதைச் சிரித்தபடி எழுதிய அதே பிரவுன் 1662இல் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் நீதிமன்றத்தில் நின்றார். ஏமி டென்னி, ரோஸ் கல்லெண்டர் என்ற இரண்டு விதவைகள் குழந்தைகளுக்குச் சூனியம் வைத்ததாக வழக்கு. குழந்தைகள் ஊசிகளை வாந்தியெடுத்தார்கள் என்றார்கள் பெற்றோர். குற்றம்சாட்டப்பட்டவள் தொட்டாலே துடித்த சிறுமி ஒருத்தியின் கண்ணைக் கட்டி, வேறொருத்தியைத் தொடவைத்துச் சோதித்தார்கள். சிறுமி அதற்கும் அதே மாதிரி துடித்தாள். சோதனை பொய்த்துப்போனது கண்ணெதிரே தெரிந்தது. பிரவுனோ அதே வழக்கில், குழந்தைகள் சூனியத்தால் பாதிக்கப்பட்டவர்களே என்று கருத்துச் சொல்லியிருந்தார். இருவரையும் தூக்கிலிட்டார்கள். மூடநம்பிக்கையைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஆளுக்கு அது முட்டை ஓட்டில் தெரிந்தது, நீதிமன்றத்தில் தெரியவில்லை.

சொல் எப்படிச் செத்தது?

வெனிஃபிஸ் வாழ, நஞ்சும் சூனியமும் ஒட்டியிருக்க வேண்டும். இங்கிலாந்தில் அவற்றைச் சட்டம் முதலில் பிரித்தது. 1531இல், பிஷப் ஜான் ஃபிஷரின் வீட்டுக் கஞ்சியில் எதையோ கலந்து இரண்டு பேர் சாவுக்குக் காரணமான சமையல்காரர் ரிச்சர்ட் ரூஸுக்காகவே எட்டாம் ஹென்றி ஒரு சட்டம் கொண்டுவந்தார். நஞ்சு வைப்பது ராஜத்துரோகம், தண்டனை கொதிக்கும் நீர். ரூஸை அப்படியே கொன்றார்கள். சூனியத்துக்கு 1542, 1563, 1604 என்று வேறு சட்டங்கள் வந்தன. ரோமில் ஒரே சட்டத்தில் அடங்கியது இங்கே இரண்டு கோப்புகளில் போனது. 1735ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், சூனியம் வைத்ததைக் குற்றம் என்று சொல்வதை விட்டுவிட்டு, சூனியம் தெரியும் என்று நடிப்பதைக் குற்றமாக்கியது. சூனியக்காரி மோசடிக்காரி ஆனாள்.

நஞ்சுக்கோ வேறு கதி. ஆர்சனிக் கொடுத்தவருக்கு வாந்தி, பேதி வரும், காலராவிலும் அதேதான் வரும். எப்படிப் பிரித்துச் சொல்வது? 1833இல் ஜான் போடில் என்ற இளைஞன் தாத்தாவின் காபியில் ஆர்சனிக் கலந்ததாக வழக்கு. வுலிச் ஆயுதச்சாலையில் வேலைபார்த்த வேதியியலாளர் ஜேம்ஸ் மார்ஷ் சோதனை செய்து ஆர்சனிக்கைக் கண்டுபிடித்தார். ஆனால் ஜூரிகளுக்குக் காட்டுவதற்குள் அந்த மாதிரி கெட்டுப்போயிற்று. போடில் விடுதலையாகி, பிற்பாடு தானே கலந்ததை ஒப்புக்கொண்டான். மார்ஷுக்கு ஆத்திரம். விடாமல் உழைத்து, 1836இல் புதிய சோதனை ஒன்றை வெளியிட்டார்: சந்தேகப்பொருளைத் துத்தநாகத்தோடும் அமிலத்தோடும் சேர்த்து, கிளம்பும் வாயுவைக் கொளுத்தி, சுடருக்கு மேல் ஒரு குளிர்ந்த பீங்கானைப் பிடித்தால், ஆர்சனிக் இருந்தால் கருவெள்ளிக் கறை படியும். அந்தக் கறையை ஜூரிகள் கையில் வாங்கிப் பார்க்கலாம்.

மறைவாக வந்த கொலைக்கும் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு கத்தி கிடைத்தது. அதன்பின் நஞ்சு ஆய்வகத்துக்குப் போனது, சூனியம் கதைப்புத்தகத்துக்குப் போனது. இரண்டையும் சேர்த்துச் சொல்ல ஆங்கிலத்தில் ஆள் இல்லை. பாம்பின் பல்லில் வெனம் மட்டும் மிஞ்சியது.

எங்கள் உறவில் ஒரு அண்ணனை இடுமருந்து எடுப்பவரிடம் கூட்டிப்போனார்கள். வயிற்றை நீவி, எதையோ குடிக்கக் கொடுத்து, வாந்தியெடுக்கவைத்து, கருப்பாக ஒரு உருண்டையைக் காட்டினார் அந்த ஆள். அண்ணன் அதற்குப் பிறகும் மாமியார் வீட்டுக்குத்தான் போனார். அப்பத்தாவிடம் கேட்டேன். “முழுசா எடுக்கல போல” என்றார்.